பொத்தான் போட முடிகிறதா?

பிப்ரவரி 9

என் கணவரின் தங்கைக்கு,

ஊசி மருந்து என் மூளையைக் குழப்பிவிட்டது என்று நீ என் மகளிடம் சொன்னதாக அறிந்தேன். அவள் அதை எனக்கு நோகாமல் பக்குவமாகப் பொதிந்து கொடுத்தாள். பொதியைப் பிரித்தால் உள்ளே நீ இருந்தாய். தகவல் தவறு. என் தலைக்கு அந்த மருந்து செய்தது முடியைக் கொஞ்சம் மெலிய வைத்ததோடு சரி. அது கை வைத்தது என் விரல்களில்.

ஐந்து ஊசி ஏறியிருக்கிறது. மொத்தம் எட்டு. நான்கு வருடங்களுக்கு முன் உன் அண்ணனுக்கு ஏறிய அதே மருந்து, அதே ஆஸ்பத்திரி, அதே மூன்றாவது மாடி. அன்று நீ அங்கே பெரிய நர்ஸ். இன்று உன் மேசையில் ஒரு சின்ன நர்ஸ் உட்கார்ந்திருக்கிறாள். உன்னைவிட மெதுவாக ஊசி குத்துகிறாள், உன்னைவிட அதிகமாகக் கேள்வி கேட்கிறாள்.

உன் அண்ணன் பல் செட் செய்கிறவர் என்பது உனக்குத் தெரியும். வேலையை எப்படி முடிப்பார் என்பதை நீ கவனித்திருக்க மாட்டாய். எல்லாம் தேய்த்து மெருகேற்றிய பிறகு, கண்ணை மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரலின் நுனியைப் பல் செட்டின் ஓரம் முழுக்க ஓட்டுவார். எங்கேயாவது சொரசொரப்பு தட்டினால் மறுபடி தேய்ப்பார். அதற்கு வேறு கருவி அவரிடம் கிடையாது. ஊசி ஏறிய அந்த மாதங்களில் அவர் செய்த இரண்டு செட்டுகள் திரும்பி வந்தன. ஈறு கிழிந்து ரத்தம் வந்ததாகப் புகார். பல் டாக்டருக்கு நான்தான் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ‘என் கணவருக்கு இப்போதெல்லாம் வேலையில் கவனம் குறைந்துவிட்டது’ என்று எழுதினேன்.

என் கீழ் வரிசைச் செட்டும் அந்த மாதங்களில் செய்ததுதான். இடது பக்கம் குத்தும். இரண்டு முறை திருத்தச் சொன்னேன், திருத்தியும் குத்தியது. போன வியாழக்கிழமை அதைக் கழற்றிக் கழுவும்போது, குத்தும் இடம் எது என்று விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. நாக்கு அரம் என்கிறது, விரல் கண்ணாடி என்கிறது. குழாயை மூட மறந்து அப்படியே நின்றேன்.

பிறகு, முதல் ஊசியன்று சின்ன நர்ஸ் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்த அச்சுத் தாளை எடுத்துப் படித்தேன். கை கால் விரல்கள் மரத்துப் போகலாம். குளிர்ந்த பொருளைத் தொட்டால் கரண்ட் அடித்தது போல் இருக்கலாம். நடையில் தடுமாற்றம் வரலாம். ஊசி முடிந்த பிறகும் சில மாதங்கள் இது கூடிக்கொண்டே போகலாம். உடனே சொன்னால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள்.

இந்தத் தாள் அன்றும் உன் மேசையில் இருந்தது. நான் கையை நீட்டினேன். “அண்ணி, இதையெல்லாம் படிச்சா சும்மா பயம்தான் வரும். நான் இருக்கேன்ல?” என்று சொல்லி இழுப்பறைக்குள் போட்டாய். நீ இருந்தாய். இருந்து என்ன செய்தாய்?

அவர் கோப்பையைக் கீழே போட்டபோது நான் திட்டினேன். ஃபிரிட்ஜைத் திறக்கச் சொன்னால் திறக்காமல் நின்றபோது சோம்பல் என்றேன். ஒரு நாள் ஒற்றைச் செருப்போடு தெருவில் நடந்து வந்தார். இன்னொன்று கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. மானம் போயிற்று என்றேன். கடைசியில் புற்று போய்விட்டது என்று டாக்டர் கை குலுக்கினார். ஏழு மாதம் கழித்து, எங்கள் வீட்டு மரப்படியில் கால் வைத்த இடம் தெரியாமல் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தார். எல்லாரும் படியைக் குறை சொன்னார்கள்.

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நர்சிங் ஸ்கூலில் நீ பாடம் நடத்தப் போகிறாயாம். மருந்துகளின் பின்விளைவுகள்தான் உன் பாடமாம். அவற்றை ஒளித்து வைக்க எவ்வளவு ஆழமான இழுப்பறை வேண்டும் என்பதையும் அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடு.

உன் தவறை ஒப்புக்கொண்டு, எழுதி, கையெழுத்திட்டு, இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பு. வரவில்லை என்றால் ஆஸ்பத்திரி இயக்குநருக்கும் நர்சிங் ஸ்கூல் முதல்வருக்கும் என் புகார் போகும். ஃபோன் செய்யாதே. எடுக்க மாட்டேன்.

உன் அண்ணனின் மனைவி

---

பிப்ரவரி 15

அண்ணிக்கு,

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். முதல் தடவை கோபம் வந்தது. ரெண்டாவது தடவை, உங்களுக்குப் போய் இந்த வியாதியான்னு அழுகை வந்தது. மூணாவது தடவை மறுபடியும் கோபம். அது அப்படியே நின்னுடுச்சு.

மூளை குழம்பிடுச்சுன்னு நான் சொல்லலை. “இந்த மருந்துல சில பேருக்கு யோசனை கொஞ்சம் மந்தமாகும், அம்மாவைப் பார்த்துக்கோ”ன்னு உங்க பொண்ணுகிட்ட சொன்னேன். உங்களுக்கு மந்தமாகலை. இந்தக் கடிதத்தை வச்சு காய்கறி நறுக்கலாம்.

வியாதி விஷயத்தை அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்க சொல்லலை. முப்பத்தெட்டு வருஷம் நர்ஸா இருந்தவ குடும்பத்துல இருக்கா, ஒரு வார்த்தை கேட்போம்னு உங்களுக்குத் தோணலை. பரவாயில்லை, கேக்காமலே சொல்றேன். ஊசி ஏறின அஞ்சு நாளைக்கு ஃபிரிட்ஜ் பக்கம் போகாதீங்க. இரும்புக் கைப்பிடி, குழாய் எல்லாத்துக்கும் கையுறை போட்டுக்கோங்க. தண்ணி வெதுவெதுப்பா இருக்கணும். குளிர்ந்ததைக் குடிச்சா தொண்டை அடைச்சு மூச்சே நின்ன மாதிரி இருக்கும். நிக்காது, பயந்துடாதீங்க. இதை நர்ஸா சொல்றேன். நாத்தனாரா சொன்னா வேணும்னே ஐஸ் தண்ணி குடிப்பீங்க.

தாளை இழுப்பறையில போட்டது உண்மை. அது தப்பு. எல்லார்கிட்டயும் கொடுத்துட்டு என் அண்ணனுக்கு மட்டும் கொடுக்காம விட்டேன். சொந்தக்காரங்களுக்கு வைத்தியம் பார்க்கிறப்போ வர்ற புத்தி அது.

ஆனா அண்ணனோட காலைக் கெடுத்தது நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன். அண்ணனோட ஃபைல் ஆஸ்பத்திரியில இருக்கு. மனைவி கேட்டா நகல் தருவாங்க. அதுல எட்டு தாள் இருக்கும். வாங்கிப் பாருங்க, யார் எழுத்துன்னு பாருங்க. அப்புறம் எனக்கு எழுதுங்க.

இன்னொண்ணு. அண்ணன் போன அன்னைக்கு நான் வாசல்ல நின்னேன். “உள்ளே கூட்டமா இருக்கு”ன்னீங்க. ஜன்னல் வழியா எண்ணினேன். நாலு பேர். டியூட்டியில இருந்து யூனிஃபார்மோட ஓடி வந்ததுதான் உங்களுக்குப் பிடிக்கலைன்னு அப்புறம் தெரிஞ்சுது. கூடப் பிறந்தவன் செத்ததுக்கு என்ன உடுத்திக்கிட்டு வரணும்னு, உங்களுக்கு மாதிரி, எனக்கு யாரும் கான்வென்ட்ல சொல்லித் தரலை.

உங்க நாத்தனார்

---

பிப்ரவரி 20

என் கணவரின் தங்கைக்கு,

ஃபைலின் நகல் கிடைத்தது. ஆறாவது எண் கவுன்ட்டரில் ஒன்றரை மணி நேரம் நின்று வாங்கினேன்.

எட்டுத் தாள்களும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஒவ்வொரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவே நோயாளி தினமும் எப்படி இருந்தார் என்று வீட்டில் எழுதிவர ஒரு வெற்றுத் தாள் கொடுத்தீர்கள். அவர் எழுதினார். அவர் எழுத்து கோழி கிளறியது போல் இருந்தது, வர வர மோசமாயிற்று. அதை அப்படியே ஒரு டாக்டர் கையில் கொடுப்பது என் வழக்கம் அல்ல. கான்வென்டில் ரஃப் நோட்டை ஆசிரியையிடம் நீட்டினால் மணிக்கட்டில் ஸ்கேல் விழும். நான் முப்பத்தொரு வருடம் பள்ளி அலுவலகத்தில் சான்றிதழ் எழுதியவள். அவர் எழுதியதை வாசகம் சீர்செய்து, புலம்பலை நீக்கி, ஃபேர் காப்பி எடுத்தேன். ரஃபைக் கிழித்துக் கூடையில் போட்டேன். ஒரு மனைவி செய்ய வேண்டியது அது.

ஆனால் நீ பார்க்கச் சொல்லாத வேறொன்றையும் நான் பார்த்தேன். அந்த எட்டுத் தாள்களுக்குப் பின்னால், ஒவ்வொரு ஊசிக்கும் முன் நர்ஸ் நோயாளியை நேரில் கேட்டு நிரப்ப வேண்டிய படிவம் இருக்கிறது. அதில் ஏழாவது கேள்வி: ‘சட்டைப் பொத்தானைத் தானே போட முடிகிறதா?’ எதிரே ‘ஆம்’ என்ற கட்டத்தில் ஒரு டிக். கீழே உன் கையெழுத்து. எட்டு முறை எட்டு டிக்.

என்னை இப்போது சின்ன நர்ஸ் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியைக் கேட்கிறாள். “அம்மா, பொத்தான் போட முடியுதா?” என்று குனிந்து, முகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். அவள் கேட்ட பிறகுதான் அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியும். உன் அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் எட்டு முறையும் நான் உட்கார்ந்திருந்தேன். என் காது நன்றாகக் கேட்கும். நீ ஒரு முறைகூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்காத கேள்விக்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டவள்தான் நாளை வகுப்பெடுக்கப் போகிறாள். என் புகார் ஒன்றரைப் பக்கம். எழுதி முடித்துவிட்டேன். எட்டுப் படிவ நகல்களையும் பின் அடித்து வைத்திருக்கிறேன்.

உன் அண்ணனின் மனைவி

---

பிப்ரவரி 25

அண்ணிக்கு,

ஆமா. கேக்கலை. டிக் போட்டேன்.

ஏன்னு கேளுங்க. அந்த வார்டுல ஒரு நாளைக்கு இருபத்திரெண்டு கட்டில். முக்கால்வாசிப் பேர் சட்டை திறந்து கிடக்க, மேல துண்டு போட்டுக்கிட்டு வருவாங்க. அண்ணன் மட்டும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வருவார். சலவை மடிப்பு கலையாத சட்டை, கழுத்து வரைக்கும் பொத்தான், மணிக்கட்டுலயும் பொத்தான், ஷூவுல முடிச்சு ரெண்டும் ஒரே அளவு. பார்த்தேன், டிக் போட்டேன். பொத்தானை யார் போட்டு விட்டாங்கன்னு சட்டையிலயா எழுதியிருக்கு?

யார் போட்டு விட்டாங்க, அண்ணி?

நீங்க என்னைக் கூண்டுல ஏத்துங்க, ஏறுறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். உங்க ரெண்டு கடிதத்தையும் திருப்பிப் போட்டு, பின்பக்கம் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தேன். தாள் முழுக்க மேடு மேடா இருக்கு. முதல் கடிதத்தைவிட ரெண்டாவதுல ஜாஸ்தி. முன்பக்கம் எழுத்து முத்து மாதிரிதான் இருக்கு, ஃபேர் காப்பி ஆச்சே, எத்தனை தடவை எழுதினீங்களோ. ஆனா பேனாவை இவ்வளவு அழுத்திப் பிடிக்கிறவங்களுக்கு, பேனா கையில இருக்கிறதே தெரியலைன்னு அர்த்தம். இது ஐஸ் பட்டா வந்துட்டுப் போற கூச்சம் இல்லை. நின்னு போன மரத்தல். இதுக்கு மேல மருந்து ஏறினா கை திரும்பி வராமலே போகலாம். கால் அதைவிட மோசம்.

சின்ன நர்ஸ் உங்களைக் கேக்கிறா, சரி. நீங்க என்ன பதில் சொல்றீங்க?

கணக்குப்படி நாளைக்கு உங்களுக்கு ஆறாவது ஊசி. இந்தக் கடிதம் அதுக்குள்ள வந்து சேராது. ஃபோன் பண்ணினேன், நாலு தடவை. எடுக்கலை. நல்லது, சொன்ன சொல் தவறாதவங்க.

அண்ணன் எனக்குக் கொடுத்தது ஒண்ணு என்கிட்ட இருக்கு. உங்ககிட்ட காட்ட வேண்டாம்னு சொல்லிக் கொடுத்தது. என்னை அதை வெளியே எடுக்க வைக்காதீங்க.

உங்க நாத்தனார்

---

மார்ச் 3

என் கணவரின் தங்கைக்கு,

என் கைகளைப் பற்றி உன்னிடம் நான் யோசனை கேட்கவில்லை. ஆறாவது ஊசி ஏறிவிட்டது. என் தாளில் எழுதுவதற்குப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை.

பொத்தான்களை நான்தான் போட்டுவிட்டேன். அவர் ஒழுங்கில்லாமல் உடுத்த ஆரம்பித்தார். மேல் பொத்தானைக் கீழ்த் துளையில் மாட்டிக்கொண்டு வருவார், அல்லது பாதியில் விட்டுவிடுவார். அந்தக் கோலத்தில் அவரை நான்கு பேர் பார்க்கும் இடத்துக்கு அழைத்துப் போக எனக்கு மனமில்லை. மனைவி பொத்தான் போட்டுவிட்டதைச் சாக்காக வைத்து நீ போட்ட டிக்கை மறைக்கப் பார்க்காதே.

என் கணவர் உன்னிடம் கொடுத்தது எதுவானாலும் அது எனக்குரியது. அவர் வேண்டாம் என்றாரோ இல்லையோ, அவர் இப்போது இல்லை, நான் இருக்கிறேன். அதை அனுப்பு. புகார் உறையில் இருக்கிறது. தபால்தலை ஒட்டியாகிவிட்டது. பத்து நாள் காத்திருப்பேன். பிறகு பெட்டியில் போடுவேன்.

உன் அண்ணனின் மனைவி

---

மார்ச் 10

அண்ணிக்கு,

இத்தோட ஒரு பல் செட் டப்பா அனுப்பியிருக்கேன். உள்ளே மடிச்சு வச்சிருக்கிறது உங்களுக்குத் தெரிஞ்ச கையெழுத்து. நீங்க கிழிச்சுப் போட்ட ரஃப் தாள் எட்டும். ஒவ்வொண்ணையும் கூடையில இருந்து எடுத்து ஒட்டு போட்டு வச்சிருந்திருக்கார். மரத்த விரலை வச்சுக்கிட்டு அந்த டேப்பை எப்படி ஒட்டினாரோ, தெரியலை. எல்லாம் கோணல்.

எட்டாவது ஊசி முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு வார்டுக்குத் தனியா வந்தார். எங்க ஆயாம்மாவுக்குப் பல் செட் அளவெடுக்கணும்னு உங்ககிட்ட சொல்லிட்டு வந்தாராம். டப்பாவை என் மேசையில வச்சார். “உன் அண்ணி ஃபேர் காப்பி எடுத்ததும் ரஃபைக் கிழிச்சுடறா. இது உங்க ஃபைலுக்குத் தேவைப்படுமோ என்னமோ”ன்னார். நின்னுக்கிட்டே படிச்சேன்.

நீங்க படிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு இடத்தை மட்டும் இங்கே எழுதறேன். ஃபேர் காப்பியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க.

‘ரெண்டாம் ஊசி, நாலாம் நாள். டம்ளர் கையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.’ நீங்க எழுதினது: ‘சற்றுக் களைப்பு.’

‘ஆறாம் ஊசி, பத்தாம் நாள். உள்ளங்காலுக்கும் தரைக்கும் நடுவில் பஞ்சு. செருப்பு போனது தெரியவில்லை.’ நீங்க எழுதினது: ‘மாலையில் உலாவச் சென்றார்.’

‘நாலாம் ஊசி, ஆறாம் நாள். பொத்தான் அவள் போட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற மாதிரி காலரை இழுத்துவிட்டாள். விரல் மரத்ததைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். நன்றாக இருந்தது, சொல்லவில்லை.’ நீங்க எழுதினது: ‘உற்சாகமாக இருந்தார்.’

“ஏன்ண்ணா என்கிட்ட சொல்லலை?”ன்னு கத்திட்டேன். பக்கத்துல இருந்தவங்கல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. அவர் சிரிச்சார். “நீ கேக்கவே இல்லையே, பெரிய நர்ஸு”ன்னார்.

அதை நாலு வருஷமா முழுங்கிக்கிட்டு இருக்கேன்.

ஒரே ஒரு தடவை கேக்க வாயெடுத்தேன். நீங்க மறந்துட்டீங்க. நாலாவது ஊசி அன்னைக்கு, “அண்ணா, இந்தப் பொத்தான்...”னு ஆரம்பிச்சேன். “எல்லாம் தாள்ல எழுதியிருக்கு, படிக்கத் தெரியாதா உனக்கு?”ன்னு கேட்டீங்க. பக்கத்துக் கட்டில்காரர் சிரிச்சார். கூட நின்ன ட்ரெயினிங் பொண்ணுங்க ரெண்டு பேர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்? “அண்ணி, வெளியே உட்காருங்க”ன்னு சொல்லியிருக்கணும். எந்த நோயாளியோட மனைவியா இருந்தாலும் சொல்லியிருப்பேன். உங்ககிட்ட சொல்லலை. பயம். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நீங்க என்னை அப்படித்தான் வச்சிருந்தீங்க. டிக்கைப் போட்டேன், அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

“உன் அண்ணிகிட்ட இதைக் காட்டாதே. அவ எழுதினதை அவளே படிச்சாத் தாங்க மாட்டா”ன்னு சொல்லிட்டுத்தான் போனார். காட்டலை. இன்னைக்கு வரைக்கும். நீங்க என்னைச் சும்மா விட்டிருந்தா சாகிற வரைக்கும் காட்டியிருக்க மாட்டேன்.

இப்ப அனுப்புங்க புகாரை. தபால்தலை வீணாக வேண்டாம். அண்ணனோட ரஃப் தாளுக்கு நகல் எட்டு என்கிட்டயும் இருக்கு. என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிற அன்னைக்கு உங்க ஃபேர் காப்பி இடது பக்கம், அண்ணனோட ரஃப் வலது பக்கம்னு மேசையில பரப்பி வைப்பேன். எனக்கு வேலை போகும். உங்களுக்கு என்ன போகும்னு நீங்களே பாருங்க.

உங்க நாத்தனார்

---

மார்ச் 19

என் கணவரின் தங்கைக்கு,

இந்தக் கடிதத்துக்கு ஃபேர் காப்பி எடுக்கவில்லை. வரிகள் சரிந்திருக்கின்றன, இரண்டாம் பத்தியில் ஒரு சொல்லின் மேல் மை கொட்டியிருக்கிறது. பேனா இரண்டு முறை கையிலிருந்து நழுவியது, அதுவும் கீழே விழுந்த சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. இப்படியே படித்துக்கொள்.

டப்பா வந்தது. எட்டுத் தாள்களையும் சாப்பாட்டு மேசையில் வைத்து, நீ சொன்னபடி பக்கத்தில் என் நகல்களையும் வைத்துப் படித்தேன். நாலாவது ஊசியன்று நான் சொன்னதாக நீ எழுதியது உண்மை. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்ததும் நினைவிருக்கிறது. அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது. டம்ளர் பற்றிய வரியும் நினைவிருக்கிறது. ‘மிகைப்படுத்துகிறார்’ என்று நினைத்துக்கொண்டே ‘சற்றுக் களைப்பு’ என்று எழுதினேன்.

நீ எடுத்து எழுதாத வரி ஒன்று ஏழாவது தாளில் இருக்கிறது. ‘அவளுக்குக் கீழ் செட் முடித்துவிட்டேன். ஓரம் எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. அவள் நாக்கு சொல்லும்.’ சொல்லிற்று. நான் அதை எந்த வார்த்தைகளில் அவரிடம் சொன்னேன் என்பது உனக்குத் தேவையில்லை.

நேற்று ஏழாவது ஊசிக்குப் போனேன். சின்ன நர்ஸ் வழக்கம் போல் குனிந்து, “அம்மா, பொத்தான் போட முடியுதா?” என்று கேட்டாள். “இரண்டு மாதமாக முடியவில்லை” என்றேன். அவள் படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள். ஆறு முறையும் ‘முடிகிறது’ என்று இருந்தது. “இது யார் சொன்னதும்மா?” என்று கேட்டாள். நான்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் என் விரல் நுனியில் பஞ்சால் தொட்டார், பிறகு குண்டூசியால் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்லச் சொன்னார். நான் ஒன்றையும் சரியாகச் சொல்லவில்லை. அந்த மருந்தை நிறுத்திவிட்டார். மீதி வேறு மாத்திரை. இதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியும். அதை வேறொரு நாள் செய்வேன்.

இன்று காலை புகாரைப் பெட்டியில் போட்டேன். பழையதை அல்ல. பழையதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். அதில் இரண்டு பேர்மீது குற்றம் சொல்லியிருக்கிறேன். முதலாவது, ஒரு நோயாளியின் வாக்குமூலத்தை எட்டு முறை மாற்றி எழுதிக் கொடுத்த அவருடைய மனைவி. இரண்டாவது, நேரில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் எட்டு முறை டிக் போட்ட பெரிய நர்ஸ். பதினாறு தாள்களின் நகலையும் நானே இணைத்துவிட்டேன், மேசையில் பரப்பும் வேலை உனக்கு மிச்சம். என்னைக் காட்டி என் வாயை அடைக்கலாம் என்று நினைத்தாய். என்னை வெட்டினால்தான் உன்மேல் காயம் விழும் என்றால், நான் கழுத்தை நீட்டுவேன். என்னோடு நாற்பது வருடம் பழகியும் உனக்கு அது தெரியாமல் போயிற்று.

இனி நான் கேட்க வந்தது.

எட்டாவது ஊசி முடிந்து மூன்று வாரத்தில் அந்தத் தாள்கள் உன் கைக்கு வந்துவிட்டன. ‘உள்ளங்காலுக்கும் தரைக்கும் நடுவில் பஞ்சு’ என்பதை நீ அன்றே படித்துவிட்டாய். ஊசி நின்ற பிறகும் மாதக்கணக்கில் இது கூடிக்கொண்டே போகும் என்பதும் உனக்குத் தெரியும். அவர் விழுந்தது அதற்கு ஏழு மாதம் கழித்து. அந்த ஏழு மாதத்தில் நீ எங்கள் வீட்டுக்கு மூன்று முறை வந்தாய். மூன்றாவது முறை சனிக்கிழமை. சனிக்கிழமைதோறும் நான் மரப்படிகளுக்கு மெழுகு போட்டுத் தேய்ப்பேன். அன்றும் முழங்காலில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தேன். நீ கீழ்ப்படியில் நின்று, கையில் டீயை வைத்துக்கொண்டு, “கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணி, முகம் பார்க்கலாம்” என்றாய். மேலே அவர் மூடிய கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

தாளைக் காட்டாதே என்றுதான் அவர் உன்னிடம் சொன்னார். படிக்கு மெழுகு போட வேண்டாம் என்று என்னிடம் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. கைப்பிடி வைக்கச் சொல்லாதே என்று சொல்லவில்லை. காரணம் எதுவும் கேட்டிருக்க மாட்டேன். ஆஸ்பத்திரியில் இப்படிச் சொல்லுவார்கள் என்று ஒரு வார்த்தை போதும், நான் வைத்திருப்பேன்.

நான் செய்தது அறியாமல் செய்தது. அதற்கான தண்டனையை நானே எழுதி அனுப்பிவிட்டேன். நீ அந்தப் படியைப் பார்த்தபோது உனக்கு எல்லாம் தெரியும். என்னைக் கண்டு பயம் என்று மறுபடி எழுதாதே. அவருடைய காலைவிட என்னைக் கண்டு பயம் பெரிதா? அல்லது, அவளுக்கு ஒரு நாள் இது தெரியவரட்டும், அன்று அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று வைத்திருந்தாயா?

ஏன் சொல்லவில்லை? ஃபோன் செய்ய வேண்டாம், என் மகளிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். உன் கையால், எழுத்தில் பதில் அனுப்பு.

உன் அண்ணனின் மனைவி